வள்ளி யார் என்று கேட்டார்கள்

பாலக்காடு
மார்ச் 2, 2026

அன்புத் தங்கை கற்பகத்துக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நோன்பு பாதியை நெருங்கிக்கொண்டிருக்கிறது. மூன்று நாளாக உன் போனுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன், நீ எடுக்கவில்லை. ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துகிற சத்தத்தில் கேட்டிருக்காது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

பார்சலில் மூன்று புத்தகம் வைத்திருக்கிறேன். ஒன்று உன் மகள் அரசிக்கு. ஒன்று அவள் பள்ளிக்கூட லைப்ரரிக்கு. ஒன்று அவளுடைய டீச்சருக்கு. எந்தப் பள்ளிக்கு எத்தனை போனது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன், உடும்பஞ்சோலை இல்லாமல் அந்தப் பக்கம் நிறையுமா?

நான்கு வருஷம் முன்னால், இவர் ஏலக்காய் வாங்க மலைக்கு வந்தபோது நானும் கூட வந்தேனே, உன் மகனுக்குக் காது குத்த எல்லோரும் ஒரே ஜீப்பில் போடிக்கு இறங்கினோமே, ஞாபகம் இருக்கா? போடிமெட்டு தாண்டியதும் பதினேழு வளைவிலும் அரசி வாந்தி எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் வாயைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வளைவுல எடுக்க மாட்டேன், பாருங்க" என்பாள். அந்தப் பிடிவாதம்தான் இப்போது புத்தகமாகி வந்திருக்கிறது. அதில் அவள் பேர் வள்ளி.

இந்தப் புத்தகத்தைப் போட்டவர் கோயமுத்தூர் ராஜசேகர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "புத்தகம் போடறது என்ற வேலைங்க்கா. அதைய பிள்ளைங்க கையில சேர்க்கறது உங்க வேலை. எழுத்தாளருன்னா ஊட்டுக்குள்ளயே உக்கோந்துட்டு இருக்க முடியாதுங்க. வாரம் ஒரு ஸ்கூலு, ஒரு வீடியோ. அப்பத்தான் ரெண்டாவது புத்தகம்." எட்டாவதோடு நின்றவள் நான். இருநூறு பிள்ளைகள் முன்னால் மைக்கைப் பிடித்தால் முதல் வரியே மறந்துபோகிறது. ஆனாலும் போகிறேன். நீளமான காகிதத்தைப் பதினேழு மடிப்பாக மடித்து ஒரு மலைச்சாலை செய்திருக்கிறேன். ஒரு வளைவு படித்ததும் ஒரு மடிப்பு விரியும். பிள்ளைகள் "உவ்வே" என்று கத்துவார்கள். அதுதான் அவர்களுக்கு உயிர்.

போன வாரம் ஒரு பள்ளியில் முன்வரிசைப் பெண் எழுந்து, "வள்ளி நிஜமா இருக்காளா?" என்று கேட்டாள். நோன்பு வைத்த வாயால் எப்படிப் பொய் சொல்வது? "இருக்கிறாள். உடும்பஞ்சோலையில் அஞ்சாவது படிக்கிறாள். முத்தரசி என்று பேர்" என்று சொல்லிவிட்டேன். கைதட்டல் அடங்கவே இல்லை! ராஜசேகர் அந்த இடத்தைத்தான் வீடியோவாகப் போட்டார். நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்களாம்.

ஏப்ரல் 25ஆம் தேதி இங்கே குழந்தைகள் புத்தகத் திருவிழா. அதில் எனக்கு ஒரு மேடை. அரசியையும் என் பக்கத்தில் நிறுத்தலாம் என்கிறார். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இப்போதும் அவள் ஜீப்பில் எடுக்கிறாளா?

உன் அக்கா,
ஷமீனா


உடும்பஞ்சோலை
மார்ச் 8

ஷமீனா மேடத்துக்கு,

பார்சல் வந்தது. பிரிக்கவில்லை. அதே நூலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

போன் சத்தம் கேட்காமல் இல்லை. நான்தான் எடுக்கவில்லை.

நீங்கள் எழுதுவதற்கு முன்னாலேயே அந்த வீடியோ எங்கள் லயத்து வீடுகளுக்கெல்லாம் வந்துவிட்டது. கங்காணி அழகுத்தாய் எல்லார் முன்னாலும் போனை நீட்டி, "ஏட்டி கற்பகம், ஒம் மக வாந்தி எடுத்தே பெரிய ஆளாயிட்டா போலயே" என்றாள். காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன்.

பள்ளிக்கூடத்து ஜீப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் போகிறார்கள். ஜீப் ஓட்டுகிற ஆசீர்வாதம் அண்ணன் திரும்பிப் பார்த்துச் சத்தம் போடுகிற வரைக்கும் கத்துகிறார்களாம். "ஏ அரசி, ஒண்ணாம் வளைவு வருது, கவரு கொண்டாந்தியா?" ஒருவன் தினமும் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் கவர் கொண்டு வருகிறான். டீச்சர் நல்ல மனசோடுதான் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டச் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்ததும் பையை மூலையில் எறிந்தாள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அவள் ஜீப்பில் வாந்தி எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. கண்ணை ஒரே இடத்தில் வைத்து, சுக்கை வாயில் ஒதுக்கி, பள்ளிக்கூட ஜீப்பில் போக ஆரம்பிக்கும் முன்னாலேயே அவளாகவே பழகிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அத்தனை பாடுபட்டாள். உங்கள் வீடியோ வந்த மறுநாள் மறுபடி எடுத்தாள்.

இப்போது ஜீப்பே வேண்டாம் என்கிறாள். பரீட்சை நேரம். விடிவதற்கு முன் எழுந்து, ஏலத்தோட்டம் வழியாக நடந்து போகிறாள். அட்டைக்கடியோடு வருகிறாள்.

நோன்பில் பொய் சொல்லக் கூடாது. சரி. பேசாமல் இருந்தால் நோன்பு முறிந்துவிடுமா? "அது சொல்ல மாட்டேன் கண்ணு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது பொய்யா? உங்கள் வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ள என் பிள்ளை பேரைத் தூக்கி ஊர் முன்னால் வைத்துவிட்டீர்கள்.

மேடைக்கு வருவதாம்.

கற்பகம்


பாலக்காடு
மார்ச் 13

கற்பகத்துக்கு,

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். "மேடம்" என்ற இடத்தை மட்டும் தாண்டித் தாண்டிப் படித்தேன்.

அன்றைக்கே ராஜசேகரைக் கூப்பிட்டு வீடியோவை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார். "ஆனா பல பேரு போன்ல ஏத்தி வெச்சிருப்பாங்க்கா, அதைய நான் எங்க போயித் தேடறது?" என்கிறார். பள்ளிகளுக்கு நானே போன் செய்து, அந்தப் பேரைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். ஒரு வாத்தியார், "ஐயோ, சார்ட்டில் எழுதி ஒட்டியாச்சே" என்றார்.

ஒன்று சொன்னால் கோபிக்காதே. எழுதுவதற்கு முன்னால் உனக்குப் போன் செய்து கதையை முழுக்கச் சொன்னேன். நீதான் விழுந்து விழுந்து சிரித்து, "எழுதுங்கக்கா, எம்புள்ள பேரு நிக்கட்டும்" என்றாய். அதுவும் உண்மைதானே? இதைச் சொல்வதால் என் தப்பு குறைந்துவிடாது என்று தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெருநாளுக்கு முன்னால் தெரிந்தவர்களிடமெல்லாம் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பது எங்கள் வழக்கம். எத்தனையோ வருஷமாக வாயில் தானாக வருகிற வார்த்தை அது. இந்த வருஷம்தான் அதைச் சொல்ல வரவில்லை. படைத்தவனுக்குச் செய்த தப்பை அவனிடம் அழுது தீர்த்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளைக்குச் செய்ததை அந்தப் பிள்ளைதான் பொறுக்க வேண்டும். இரவு தராவீஹ் தொழுகையில் நிற்கும்போது அரசி அட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு நடப்பதுதான் தெரிகிறது. எத்தனை ரக்அத் தொழுதேன் என்று மறந்துபோகிறது. என்னைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அவளிடம் கேட்பாயா?

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ராஜசேகர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிற மாதிரித் தோன்றுகிறது. திருவிழா மேடையில் மாலை போட்டு, எல்லோரும் எழுந்து கைதட்டினால் கேலி பெருமையாகத் திரும்பிவிடாதா? கேலி செய்கிற பிள்ளைகளே அவள் பக்கத்தில் நிற்கப் பார்ப்பார்கள் என்கிறார். அந்த மேடை நடந்தால்தான் என் இரண்டாவது புத்தகத்துக்குக் கையெழுத்து போடுவாராம். நான் அதற்காகக் கேட்கவில்லை. அதற்காகவும்தான் கேட்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. நீ முடிவு செய்.

ஷமீனா


உடும்பஞ்சோலை
மார்ச் 19

ஷமீனா மேடத்துக்கு,

எழுதுங்கள் என்று நான்தான் சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. அது வள்ளியாக இருக்கிற வரைக்கும் நானும் சிரித்தேன். வள்ளிக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, ஜீப் கிடையாது. என் பிள்ளைக்கு உண்டு.

போன திங்கள்கிழமை மழை. நடக்க முடியாது என்று ஜீப்பில் ஏற்றிவிட்டேன். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் எடுக்க வராது என்று முந்தின நாள் ராத்திரியிலிருந்தே பட்டினி கிடந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. கணக்குப் பரீட்சை நடுவே மயங்கி விழுந்தாள். இவள் அப்பா வேல்முருகன் போய்த் தூக்கி வந்தார். "அவ நோன்பு இருக்கா போல" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

நீங்கள் கேட்டது இரண்டையும் அவளிடம் சொன்னேன். மறைக்கவில்லை.

மேடைக்குப் போறியா என்று கேட்டேன். "அங்க வச்சும் வாந்தி எடுத்துக் காட்டச் சொல்லுவாகளாம்மா?" என்றாள்.

என்ன பதில் சொல்வது என்று நீங்களே எழுதுங்கள்.

பொறுத்துக்கச் சொல்லிப் பாலக்காட்டுப் பெரியம்மா கேட்கிறார்கள் என்றேன். "நான் பொறுத்துக்கிட்டா அவுகளுக்குச் சரியாயிரும். எனக்கு?" என்றாள். பத்து வயசுப் பிள்ளை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக.

பெருநாள் வாழ்த்து.

கற்பகம்


பாலக்காடு
மார்ச் 30

கற்பகத்துக்கு,

பெருநாள் போனது. பிரியாணியில் உப்பு இல்லை என்று எல்லோரும் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அரசி வர மாட்டாள் என்று ராஜசேகரிடம் சொல்லிவிட்டேன். "நானே கேக்க மாட்டேன்" என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் "அவங்க வீட்ல சம்மதிக்கல" என்று வந்துவிட்டது. பழியை உன்மேல் போட்டுவிட்டேன். அதையும் தெரிந்துகொள்.

அவர் கோபப்படவே இல்லை. சாதாரணமாகச் சொன்னார்: "அதனால என்னங்க்கா? வேற ஒரு பொண்ண நிறுத்தீரலாம். நம்ம ஆபீஸ்ல கமலாத்தாள்னு ஒரு அம்மா வேலை செய்யறாங்க. அவங்க பேத்திக்கு அதே வயசு, நல்லா வாயாடுவா. 'நாந்தான் நெச வள்ளி'ன்னு மைக்குல சொல்லுவா. அன்னிக்கு நீங்க பேரு மாத்திச் சொல்லீட்டதா ஒரு வரி போதும். உங்க பொண்ணு மேல இருக்கற கண்ணெல்லாம் இந்தப் பக்கம் திரும்பீரும். எல்லாருக்கும் நல்லது."

போனை வைத்த பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் சட்டென்று பதில் சொல்கிற ஆள் இல்லை. கடையைத் திறக்கப் போகும்போது வாசலில் நின்று, "அந்த மலைக்காரப் பிள்ளைக்கு இது நல்லதுதானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

நல்லதுதான். அதுதான் எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம். அன்றைக்கு நான் உண்மை சொன்னேன், ஒரு பிள்ளை அடிபட்டது. இப்போது ஒரு பொய் சொன்னால் அவள் தப்பிப்பாள். என் மேடையும் நிற்கும், இரண்டாவது புத்தகமும் வரும். இவ்வளவு வசதியாக ஒரு பொய் வந்து நிற்கும்போது அதைத் தொடக் கை கூசுகிறது. யாரிடம் கேட்பேன்? உன்னிடம்தான் கேட்கிறேன். என்ன செய்யட்டும்?

ஷமீனா


உடும்பஞ்சோலை
ஏப்ரல் 5

ஷமீனாக்காவுக்கு,

நிறுத்துங்கள்.

இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளையை மேடையில் நிறுத்துங்கள், வீடியோ எடுங்கள், எத்தனை பேருக்கு வேண்டுமோ அனுப்புங்கள். எங்கள் லயத்துப் போன்களுக்கெல்லாம் வரட்டும். பேர் மாறிப்போச்சு என்று உங்கள் வாயால் ஒரு வரி சொல்லுங்கள். ஜூன் ஒன்றாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கும்போது என் மகள் சோறு தின்றுவிட்டு ஜீப்பில் ஏற வேண்டும். அது போதும்.

அந்தப் பிள்ளை ஊர் வேறு. அங்கே மலை இல்லை, ஜீப் இல்லை. யாரும் கேலி பண்ண மாட்டார்கள்.

உங்களுக்குப் பாவம் என்றால் அதை என் கணக்கில் எழுதச் சொல்லி நான் முருகனிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் சாமியிடமும் சொல்லிக்கொள்ளுங்கள். அக்கா என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். காரியம் ஆக வேண்டும் என்றுதான் எழுதினேன். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கற்பகம்


பாலக்காடு
ஏப்ரல் 27

கற்பகத்துக்கு,

நான் நிறுத்தவில்லை.

இந்த வரியைப் படித்ததும் நீ கடிதத்தைக் கிழித்தாலும் தப்பில்லை. கிழிக்காவிட்டால் என்ன நடந்தது என்று கேள்.

நீ எழுதியதைப் படித்துச் சரி என்றுதான் இருந்தேன். ராஜசேகரிடம் தலையாட்டியும் விட்டேன். திருவிழா அன்று மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே அந்தப் பிள்ளையை உட்கார வைத்திருந்தார்கள். பச்சைப் பாவாடை, தலை நிறையப் பூ. பாட்டி கமலாத்தாள் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "நாந்தான் வள்ளி, பதினேழு தடவை வாந்தி எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை கலகலவென்று சிரித்தது. பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்க, இதைய எங்க ஸ்கூல்லயும் போடுவீங்களா? எல்லாரும் பாப்பாங்களா?" என்று கேட்டது. அவ்வளவு ஆசையாகக் கேட்டது.

கற்பகம், அரசியும் ஆறு வயதில் ஜீப்பில் அப்படித்தானே சிரித்தாள்? தான் செய்தது பெரிய வேடிக்கை என்றுதானே அவளும் நினைத்தாள்? எந்த வயதில், எந்த நாளில் அது வலிக்க ஆரம்பிக்கும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு ஒரு தடவை தெரியாமல் நடந்தது. இரண்டாம் தடவை தெரிந்தே நடக்க விடவா?

"இந்தப் பிள்ளை வேண்டாம், நான் தனியாகப் போகிறேன்" என்றேன். ராஜசேகர் முகம் மாறிவிட்டது. "இப்பப் போயி இப்பிடிப் பண்றீங்களே! நிகழ்ச்சி நிரல்ல போட்டாச்சுங்க்கா. உங்களுக்கு எழுத்தாளராகோணும்னு ஆசை இருக்குதா இல்லீங்களா?" என்று கத்தினார். இருக்கிறது என்றேன். அது பொய் இல்லை. ரொம்ப இருக்கிறது. அடுப்படி வேலை முடிந்த பிறகு நான் உட்காருகிற அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நாள் முழுக்க நடமாடுகிறேன்.

தனியாகப் போய்ப் படித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். முடிவில், பயந்தபடியே, ஒரு பையன் எழுந்து "வள்ளி யாரு?" என்று கேட்டான். "அது நான் சொல்ல மாட்டேன்" என்றேன். மறுபடி கேட்டான், மறுபடியும் அதையேதான் சொன்னேன். அரங்கத்தில் சலசலப்பு. கீழே இறங்கினால் ராஜசேகர் கிளம்பிப் போய்விட்டிருந்தார். மறுநாள் என் இரண்டாவது கதையின் தாள்கள் கடை விலாசத்துக்குத் திரும்பி வந்தன. இவர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "டீ போடவா?" என்று கேட்டார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இவர் டீ போட்டு நான் குடித்தது அதுதான் முதல் தடவை.

உன் பிள்ளையைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. அதை நான் அடைத்துவிட்டேன். பொறுத்துக்கொள் என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

ஷமீனா


உடும்பஞ்சோலை
ஜூன் 14

ஷமீனாக்காவுக்கு,

ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அடுப்பில் வைக்கத்தான் எடுத்தேன், வேல்முருகன் பிடுங்கி வைத்துக்கொண்டார். "பாலக்காட்டுக்காரி சொன்னதுலயும் ஒரு இது இருக்கு" என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. முதல் வாரம் அரசி நடந்துதான் போனாள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டதால் ஜீப். கவர் காட்டுகிற பையன் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். ஆனால் கேலி போகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மேல் லயத்திலிருந்து ஒரு சின்னப் பிள்ளை, இந்த வருஷம்தான் ஒன்றாம் கிளாஸ். இரண்டாவது வளைவிலேயே மடியில் எடுத்துவிட்டது. உடனே ஜீப்பே சேர்ந்து, "வள்ளி! வள்ளி!" என்று கத்தியிருக்கிறது. அரசியை யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து இதை அவள் சொன்னபோது என் மனசு முதலில் என்ன நினைத்தது தெரியுமா? அப்பாடா, பேர் வேறு பிள்ளை மேல் போய்விட்டது. அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் நீங்கள் எழுதிய அந்தப் பச்சைப் பாவாடைப் பிள்ளை ஞாபகம் வந்தது.

"நீ என்னட்டி செஞ்ச?" என்று கேட்டேன்.

"தண்ணி குடுத்தேன். என் பக்கத்துல உக்கார வச்சு, சுக்கு ஒரு துண்டு வாயில போட்டேன். கத்துனவன் தலையில ஒண்ணு வச்சேன். ஆசீர்வாதம் மாமா கண்ணாடியில பாத்துட்டு ஒண்ணும் சொல்லல."

"ஒனக்கு எடுக்க வரலையா?"

"அதப் பாக்கிற நேரம் இல்லம்மா."

ராத்திரி சாப்பிட்டாள். நானாகக் கேட்காமல், தட்டைக் கழுவிக்கொண்டே அவளாகப் பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அந்தப் பெரியம்மா பொறுத்துக்கச் சொன்னாகள்ல. காகிதத்துல கேட்டா எப்பிடி? நேர்ல வந்து கேக்கச் சொல்லு. வீடியோ எடுக்கக் கூடாது. கூட யாரும் வரக் கூடாது."

"கேட்டா என்ன சொல்லுவ?"

"அது அவுக கேக்கும்போது."

எனக்கும் தெரியவில்லை, அக்கா. என்ன சொல்வாள் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்களைத் தேற்றி எழுத ஆசைதான். பொய்யாகிவிடும்.

கற்பகம்


பாலக்காடு
ஜூன் 19

அன்புத் தங்கை கற்பகத்துக்கு,

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இன்ஷா அல்லாஹ். இவர் பஸ் ஏற்றிவிடுவதோடு சரி. மழைக்காலத்தில் ஒரு பெண் தனியாக மலையேறுவதா என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். கூட யாரும் வரக் கூடாது என்று அரசி சொன்ன வரியைப் படித்துக் காட்டினேன். அப்புறம் பஸ் நேரத்தை விசாரித்துக்கொண்டு வந்தார்.

நேற்று ராஜசேகர் கூப்பிட்டார். அந்தச் "சொல்ல மாட்டேன்" வீடியோவையும் யாரோ போட்டு, அது பரவிக்கொண்டிருக்கிறதாம். "கதையத் திருப்பி அனுப்புங்க்கா, பாக்கலாம்" என்கிறார். அரசி எப்படி இருக்கிறாள் என்றும் கேட்டார். சுகம் என்றேன். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மூச்சு விடவில்லை. கதையை அனுப்புவதா என்றும் இன்னும் முடிவு செய்யவில்லை. அதைத் திரும்பி வந்த பிறகு பார்ப்பேன்.

அவளிடம் என்ன பேசுவது என்று மூன்று நாளாக எழுதிப் பார்க்கிறேன். எப்படி எழுதினாலும் எழுத்தாளர் பேச்சு மாதிரியே வருகிறது. ஒரு இடத்தில் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிற மாதிரிகூட எழுதியிருந்தேன், கை அப்படிப் பழகிவிட்டது. எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். எதுவும் எழுதிக்கொண்டு வர மாட்டேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் கேட்கும்போது நீ அங்கே நின்று, "பெரியம்மா இம்புட்டுத் தூரம் வந்துருக்காகள்ல, சொல்லுட்டி" என்று அவளை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. கண்ணாலும் ஜாடை காட்டக் கூடாது. "மாட்டேன்" என்று அவள் சொன்னால் அதை வாங்கிக்கொண்டு, உன் கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மலை இறங்கிவிடுவேன்.

உன் அக்கா,
ஷமீனா